பத்தாவது ஆள்

காலை 8.50. பள்ளிக்கூட வராந்தாவில் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் நாற்காலியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற ஒன்பதும் காலி. ஊசிக்கு வந்த எட்டுப் பேர் எதிரே வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் போய் ஒன்பதாவதாக அங்கேயே நின்றேன்.

கொரோனா இரண்டாம் அலை நேரம். ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். அந்தப் பெண்ணின் கணவர் கொரோனாவில் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் அந்தப் பெண்ணுக்குப் பேக்கிங் வேலை.

"திங்கக்கெழம ஊசி போட்ட மெசேஜக் காட்டலன்னா வேன்ல ஏத்த மாட்டாங்களாம் சிஸ்டர். வேற ஆளப் போட்டுருவாங்க" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. பத்துப் பேர் சேராமல் திறக்க மாட்டார்கள். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நர்ஸ் எண்ணிப் பார்த்தார்.

"சரியா பத்துப் பேரு. வந்து உக்காருங்க."

யாரும் நகரவில்லை.

"அந்த அத்தாச்சி எந்திரிச்சுப் போகட்டும், வாரோம்" என்றார் உரக்கடைக்காரர்.

"நெகட்டிவ்னு வந்துருச்சுண்ணே." அந்தப் பெண் போனைத் தூக்கிக் காட்டினார்.

"அது போன்ல வராது அத்தாச்சி, மூச்சுல வரும்."

மரத்தடியில் சிரித்தார்கள். "அவரு போனது பத்தாதா? எங்களையும் கூட்டிட்டுப் போகவா காலையிலயே வந்து உக்காந்திருக்க?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"நான் அங்கிட்டு ஓரமா நிக்கிறேன். கடைசியாப் போடுங்க."

"அவங்க இல்லன்னா ஒம்பது பேருதான். நான் தொறக்க மாட்டேன்" என்றார் நர்ஸ்.

உரக்கடைக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் டீக்கடை மாஸ்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். மாஸ்டர் ஊசியே வேண்டாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்தவர். கைலியில் மாவு ஒட்டியிருந்தது.

"இந்தா, பத்தாவது ஆளு."

நர்ஸ் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த சனிக்கெழம வாங்கம்மா. ஒரு குப்பி பத்துப் பேருக்குத்தான் வரும்."

அந்தப் பெண் எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை முந்தானையால் துடைத்தார். கேட்டைத் தாண்டிப் போனார். பிறகு வந்து உட்கார்ந்தோம். முதல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, வகுப்பறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்கள்.

9.30க்குக் குப்பியைத் திறந்தார்கள். எனக்கு நான்காவதாகப் போட்டார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பத்துப் பேருக்கும் போட்டபின் நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சில குப்பிகளில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

"இன்னொரு ஆளுக்கு வரும் போலருக்கே. அந்தம்மா வீடு யாருக்காச்சும் தெரியுமா?"

எல்லாருக்கும் தெரியும். கண்மாய்க் கரையைத் தாண்டி மூன்றாவது வீடு. மாஸ்டர் கடையில் தோசைக்கல் காய்வதாகச் சொல்லி எழுந்து போனார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்பிவந்தேன். முகாமின் எண்ணிக்கைக்காக முடியும்வரை இருந்தேன். என் பைக் கேட்டருகே நின்றது.

ஒன்றரை மணிக்கு நர்ஸ் குப்பியைக் கழிவுப் பையில் போட்டார். பதிவேட்டில், போட்டது பத்து, வீணானது இல்லை என்று எழுதினார்.