அவசரப்படாத ஹீட் மீட்டர்

நான் ஓட்டிய முதல் லாரியில் ஹீட் மீட்டர் கிடையாது. இஞ்சின் சூடானால் மூக்குக்குத் தெரியும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் இஞ்சின் பக்கம் இருக்கும் இடது காலுக்குத் தெரியும். இரண்டாவது லாரியில் ஹீட் மீட்டர் இருந்தது. அன்றோடு என் மூக்குக்கும் காலுக்கும் இருந்த மரியாதை போயிற்று.

அந்த லாரியின் முதலாளி மல்லசமுத்திரத்துப் பக்கம் தோட்டக்காரர். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் விளைகிற காடு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கையில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாம் லாரி வாங்கினார்கள், இவரும் வாங்கினார். நாமக்கல்லில் பாடி கட்டி, முன்னால் பூ வரைந்து, எல்லாம் முடிந்த பிறகு சேலத்தில் தானே போய் ஒரு ஹீட் மீட்டர் வாங்கி வந்து மாட்டச் சொன்னார். வட்டமான கண்ணாடி. அதில் பச்சை, சிவப்பு, நடுவில் ஒரு முள், கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. நான் அஞ்சாம் வகுப்பு, முதலாளி எட்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எட்டாம் வகுப்புக்காரர் படிக்கத் தெரியாமல் பார்ப்பதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது.

மீட்டரின் முதுகிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று இஞ்சினுக்குப் போகும். அதன் நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குமிழ். அது இஞ்சின் தண்ணீரில் முங்கியிருக்கும். தண்ணீர் சுட்டால் குமிழ் சுடும், குமிழ் சுட்டால் முள் ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை.

முதலாளி அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். டிரைவர்கள் டீ குடிப்பதற்காகவே "வண்டி சூடாயிருச்சுங்க" என்று பொய் சொல்லி நிறுத்துகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் சட்டம் போட்டார்: "முள்ளு செவப்புக்கு வராம வண்டி நிக்கப்படாது." சட்டத்தைக் காவல் காக்கத் தன் மச்சினனையும் கூட அனுப்பினார். அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்த இளைஞர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பார்த்தது பாதி நேரம் முள்ளை, மீதி நேரம் என் சீட்டை.

எனக்கு வாய் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. லோடு ஏற்றுகிறவர்களிடமே கையைக் காட்டித்தான் பேசுவேன். முதலாளிகளுக்கு அப்படிப்பட்ட டிரைவரை ரொம்பப் பிடிக்கும். ஏதாவது தப்பு நடந்தால், அதை வைக்க ஓர் இடம் தயாராக இருக்கும்.

வண்டியில் ஒரு நோய் உண்டு. ரேடியேட்டர் சொட்டும். அதற்குப் பற்றவைத்தால் தீர்ந்தது. ஆனால் மஞ்சள் விளைகிற ஊரில் பற்றவைப்புக்கு யார் போவார்கள்? ஒரு கை மஞ்சள் தூளை ரேடியேட்டர் தண்ணீரில் போட்டால் அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் எல்லா லாரிக்காரர்களும் அவசரத்துக்குச் செய்வதுதான். எங்கள் முதலாளிக்கு மட்டும் ஒவ்வொரு நடையும் அவசரம். சொந்தக் காட்டு மஞ்சள். வெள்ளிக்கிழமை பூஜையில் வண்டியின் நெற்றிக்குக் கொஞ்சம், பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே தாராளமாகக் கொஞ்சம். தம் கையால்தான் போடுவார். சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும்.

முதல் சம்பவம் தொப்பூர் மேட்டில் நடந்தது. வண்டி நிறைய ஜவ்வரிசி மூட்டை. பாதி ஏற்றத்தில் வாசனை வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீரும் காய்கிற பெயின்டும் கலந்த வாசனை; ஒரு தடவை முகர்ந்தவனுக்கு மறக்காது.

"சூடாவுதுங்க" என்றேன்.

மச்சினன் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "பச்சையிலதானுங்க கெடக்குது. டிரைவருக்கு டீ வாசம் வந்துருச்சாட்ட இருக்குது."

"இல்லீங்க..."

"முள்ளு சொல்லோணுமுங்க. நீங்க சொல்லப்படாது."

முள் சொல்லட்டும் என்று ஏறினேன். மேட்டின் தலைக்குப் போகும்போது முள் மெல்ல எழுந்து, சோம்பல் முறித்து, சிவப்பை நோக்கிக் கிளம்பியது. அதற்குள் வெள்ளைப் புகை கிளம்பிவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. கருகினால் வண்டி அதே இடத்தில் படுத்துக்கொள்ளும். படுத்துக்கொண்டது. முதலாளி விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்: "டிரைவரு மிதிச்சு ஓட்டிப்போட்டான்."

கேஸ்கட் மாற்றி அடுத்த நடை போனபோது, ஜென்மத்தில் இல்லாத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வாசனை வந்த உடனே ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டேன். மச்சினன் இறங்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையில் கிடந்த முள், வண்டி நின்று நான் கீழே இறங்கிய பிறகு ஏற ஆரம்பித்தது. சாவகாசமாக ஏறிச் சிவப்பைத் தொட்டது.

"ஏனுங்க டிரைவரே! ஓடறப்ப பச்சை, நிறுத்துன பொறவு செவப்பு! நிக்கறதாலதானுங்க சூடாவுது!"

புதையல் எடுத்தவர் போல ஊருக்குப் போய் இதை முதலாளியிடம் சொன்னார். முதலாளி தோள் துண்டை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

"அதுவுஞ் செரிதான் மாப்ள. ஓடறப்ப காத்து அடிக்குதில்ல. நின்னா காத்து ஏது?"

இப்படியாகச் சட்டம் திருத்தப்பட்டது: மேட்டில் வண்டி நிற்கவே கூடாது. திருத்திய சட்டப்படியே ஓட்டினேன். திருத்திய சட்டப்படியே இரண்டாவது கேஸ்கட்டும் போயிற்று.

இந்த முறை முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொருக்கா கேஸ்கட்டு போச்சுன்னா மாப்ள ஏறிக்கட்டும். நீ வேற வண்டி பாத்துக்க" என்றார். வேறு வண்டி என்று ஒன்று எனக்குக் கிடையாது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் லாரிக்காரர்கள் கூடும் எந்த இடத்திலும் ஒரு பேச்சு மாலைக்குள் பரவிவிடும். 'இஞ்சினைக் கொன்னவன்' என்ற பெயரோடு போய் நின்றால், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கக்கூட யோசித்துத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்தே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "நீங்கதான் வாயத் தொறக்க மாட்டீங்களே" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வண்டி நாமக்கல் ரோட்டில் ஒரு மேஸ்திரியின் பட்டறைக்குப் போனது. மேஸ்திரி கெட்டிக்காரர், சந்தேகப்படுவதில். முதலில் ஃபேன் பெல்ட்டைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு வாட்டர் பம்ப். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுக் குடைந்தார். தண்ணீர்ப் பாதையில் கதவு போல இருக்கும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட ஆசைதான். ஆனால் வண்டி வாங்கிய வாரமே அவர்தான் அதைக் கழற்றித் தூக்கிப் போட்டிருந்தார். எங்கள் பக்கம் மேஸ்திரிகள் புது வண்டிக்குச் செய்யும் முதல் மரியாதை அது. கடைசியில் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். யாருமே சந்தேகப்படாதது அந்த மீட்டரை மட்டும்தான். புதுசு, கண்ணாடி போட்டது, ஆங்கிலம் தெரிந்தது.

சோதனைக்குத் தம்மம்பட்டி ரோட்டில் லோடு ஏற்றிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. கேபினில் முதலாளி, மச்சினன், மேஸ்திரி, நான். என் வேலை போவதை நேரில் பார்க்க இவ்வளவு பேர் சிரமப்பட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கிளம்புமுன் முதலாளி டப்பாவைத் திறந்து, "இன்னிக்கு ஒரு கை சேத்தியே போடறேன்" என்று ரேடியேட்டருக்கு மஞ்சள் போட்டார்.

ஆத்தூர் தாண்டிய கொஞ்ச தூரத்தில் வாசனை வந்தது. சொன்னால் டீ வாசம் என்பார்கள் என்று ஓட்டிக்கொண்டே போனேன். மேஸ்திரியின் மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. "அட, கொதிக்குதுங்க! ஓரங்கட்டுங்க!" என்று கத்தினார். மேஸ்திரி கத்தினால் சட்டம் செல்லாது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். முள் பச்சையில் படுத்திருந்தது.

இஞ்சினை அணைக்காமல் நிதானமாக ஓடவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் மாற்றி ஊற்றினோம். கொதிப்பு அடங்கி, சத்தமும் இறங்கியது. அப்போது கேபினுக்குள்ளிருந்து மச்சினன் கூவினார்: "மச்சான்! செவப்பு! செவப்பு வந்துருச்சு! நான் சொன்னேனில்ல, நின்னா சூடாவுதுன்னு!"

மேஸ்திரி ரேடியேட்டர் வாயில் விரலை விட்டார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"மொதலாளி, சித்த இங்க கைய வெய்யுங்க."

முதலாளி பயந்து பயந்து வைத்தார். வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டலாம். நிமிர்ந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். முள் சிவப்பில் நின்றது. மறுபடி தண்ணீரைத் தொட்டார்.

"அப்ப இஞ்சினு பொய் சொல்லுதா மேஸ்திரி?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "இஞ்சினு நெசந்தான் சொல்லுது. முள்ளுக்குத்தான் சேதி போய்ச் சேர நேரமாவுது. சூடானாலும் லேட்டு, ஆறுனாலும் லேட்டு. எனக்கே இப்பத்தான் புடிபடுது."

இஞ்சினை அணைத்துவிட்டுக் குமிழைக் கழற்றினார். மீட்டரையும் பிடுங்கினார். செம்புக் குழாயைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். டீக்கடை நடத்திய அம்மாள் இடுப்பில் கை வைத்து மறித்தார். ஆத்தூர்ப் பக்கத்து வாய்.

"என் பால் சட்டில உங்க வண்டிக் கம்பிய விட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

கிளாஸ் கழுவ வைத்திருந்த வெந்நீர்ச் சட்டியைத் தள்ளிக் கொடுத்தார். அது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி குமிழை உள்ளே விட்டார். முதலாளி மீட்டரைக் கையில் ஏந்தி நின்றார், ஜோசியரிடம் ஜாதகம் நீட்டுகிறவர் போல. நாங்கள் எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். முள் எங்களைப் பார்த்தது.

டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்து முடித்தோம். கிளாசைக் கீழே வைத்த பிறகு முள் அசைந்தது.

"ஏறுதுங்க! நல்ல மீட்டரு அவசரப்படாதுங்க" என்றார் மச்சினன்.

"எங்க வீட்டுக்காரரும் நல்ல மீட்டருதான்" என்றார் டீக்கடை அம்மாள். "விடியக்காலம் எழுப்பினா மத்தியானம் அசைவாரு."

மேஸ்திரி குமிழை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டுவிரல் பருமன் இருக்க வேண்டியது கட்டைவிரல் பருமன் இருந்தது. மேலே பட்டைபட்டையாக மஞ்சள் அப்பி, கிணற்று உப்போடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. கத்தியால் சுரண்டினார். ஓடு போல உடைந்து விழுந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சட்டி வெந்நீர் முழுக்க மஞ்சள் நிறம்.

"யாருங்க இது, கம்பிக்கு நலங்கு வெச்சது?" என்றார் டீக்கடை அம்மாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலாளி மட்டும் ரோட்டைப் பார்த்தார், ஏதோ பஸ் வரப் போகிறது போல. மேஸ்திரி சுரண்டிய குமிழை மறுபடி வெந்நீரில் விட்டார். முள் துள்ளிக்கொண்டு சிவப்புக்குப் போயிற்று. அவர் அதைத் தூக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டார். கீழே வந்தது. முதலாளி அதை வாங்கித் தாமே ஒரு தடவை செய்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, சூடாவறது உனக்கு முன்னயே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் ஏன் சொல்லுல?"

மச்சினன் வாய் தவறி உதவினார்: "சொன்னாருங்க மச்சான். நாந்தான்..." என்று ஆரம்பித்து அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

முதலாளி தலையை ஆட்டினார். "சத்தமாச் சொல்லோணுமப்பா. இப்படி முணுமுணுன்னா யாருக்குக் கேக்கும்?"

ஆக, இரண்டு கேஸ்கட்டும் போனதற்குக் காரணம் என் தொண்டை என்று முடிவாயிற்று. மஞ்சளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம மஞ்சளு சுத்தமான மஞ்சளு. அந்தக் கம்பிக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

மீட்டரை மாட்டி முடித்துக் கிளம்பும்போது மச்சினன் டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றிருந்தார். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். முதலாளி அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்து இடத்தைத் தட்டி, "மாப்ள, அக்கட்ட என்ன வேல? இக்கட்ட வா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு. ஏறி உட்கார்ந்தேன். அப்போது ரேடியேட்டர் சொட்டுவது தெரிந்து முதலாளியின் கை சீட்டுக்கு அடியில் டப்பாவைத் தேடியது.

"வேண்டாமுங்க" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. டீக்கடை அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கையை இழுத்துக்கொண்டார். மறுநாளே ரேடியேட்டருக்குப் பற்றவைத்தார்கள்.

மீட்டர் சரியான பிறகு முதலாளிக்கு அதைப் பிடிக்காமல் போயிற்று. முள் இப்போது உடனுக்குடன் சிவப்புக்கு வந்தது. திருத்தம் தள்ளுபடியாகிவிட்டதால், அவர் முதலில் போட்ட சட்டப்படி நாங்களும் உடனுக்குடன் நின்றோம். தொப்பூர் மேட்டில் வாசனை வரும் நேரமும் முள் ஏறும் நேரமும் ஒன்றாகிவிட்டது.

"செவப்புங்க டிரைவரே" என்பார் மச்சினன்.

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு ஓரங்கட்டுவேன். அவர்தான் முதலில் இறங்கி டீ சொல்லுவார்.