ஒரே இழையில் இரண்டு வெளிச்சம்

நெட்வொர்க் பெட்டியில் செருகுவதற்கு முன், மாட்யூலின் முதுகில் உள்ள எண்ணை வாய்விட்டு இரண்டு தரம் படிப்பாள் லைட்டக்கா. விரல் நீளத் தகரத் துண்டுதான். கண்ணாடி இழைக்குள் ஒளியாகத் தகவலை அனுப்புவதும் வாங்குவதும் அதன் வேலை. அப்புறம், குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல் இழையின் நுனியைத் துடைப்பாள். வேலை கூடிவரும் நேரத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

பெரிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அவள் பொறுப்பு. மலைமேல் உள்ள பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் கணவருக்கும் அதே வேலை. வீட்டில் பாதியில் விட்ட சண்டையை இருவரும் வேலைக்கு நடுவே போனில் முடித்துக்கொள்வார்கள்.

அன்று காலை மண் சரிந்ததில், இரண்டு ஆஸ்பத்திரிகளையும் இணைக்கும் கேபிளில் ஒரே ஓர் இழைதான் தப்பியது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு தேவை. மேலே ஒரு பெண்ணின் வயிற்றில் குழந்தையின் இதயம் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய டாக்டரோ கீழே, பக்கத்து அறையில், வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு இழை போதுங்க," என்றாள் லைட்டக்கா போனில், கணவரிடம். குரல் துள்ளியது. "போறதுக்கும் வர்றதுக்கும் வேற வேற அலைநீளத்துல ஒளியை விட்டா ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

"கையில பதிமூணு பத்து அலைநீள மாட்யூல் இருக்கு. போடவா?"

"இவ்ளோ தூரம் தாங்காது, வழியிலேயே மங்கிடும். பதினஞ்சு அம்பது, பதினாலு தொண்ணூறு ஜோடியை எடுங்க."

செருகினார்கள். விளக்கு எரியவில்லை.

"எதைப் போட்டீங்க?"

"பதினஞ்சு அம்பது. நீ போட்டதுதான்."

"அங்கதான் கோட்டை விட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே அலைநீளத்துல பேசினா யாரு கேக்கறது? உங்களுக்குப் பதினாலு தொண்ணூறு."

"வீட்லயும் அதே கதைதானே."

"வம்பை வீட்ல வெச்சுக்கலாம். முதல்ல மாத்துங்க."

பச்சை விளக்கு பளிச்சென்றது. பக்கத்து அறைக்கு ஓடினாள். திரையில் நெல்லிக்காய் அளவு இதயம் படபடத்தது, அதன் சத்தமும் கேட்டது. டாக்டர் இமைக்காமல் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"மருந்துலயே சரிபண்ணிடலாம். ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்க வேண்டாம்."

"என்ன சொல்றாரு? படம் வந்துச்சா?" போனில் கணவர் பதறினார்.

அவள் போனைத் திரைக்கடியில் இருந்த ஒலிபெருக்கியில் ஒட்டவைத்து, அந்தத் துடிப்பு அவர் காதுக்குப் போகட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றாள்.