வாலுக்குள் விழுந்த திருகாணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கும்போது வலது காதுத் தோடு கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்னால் திருகாணி இல்லை. தலைமுடியை உதறினேன். சட்டைக் காலரைத் தடவினேன். குளியலறைத் தரையில் மண்டியிட்டுத் தேடினேன். அன்று மதியம் முழுக்க எங்கே படுத்திருந்தேன் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. விமானத்தின் வாலுக்குள்.

என் கணவர் ஐந்து வருடமாக ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நாங்கள் குடியேறிய ஊரான பிளசன்டனில் எங்கள் வீட்டு கராஜ் நிறைந்தபின், பக்கத்து ஊர்ச் சிறிய விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் கொட்டகை, ஒரு ஹேங்கரை, வாடகைக்கு எடுத்தார். வார நாட்களில் சாஃப்ட்வேர், சனி ஞாயிறுகளில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி. அவர் வெளியிலிருந்து ரிவெட் அடிக்கும்போது உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் குறுகிய வாலுக்குள் நுழையும் உடம்பு எங்கள் வீட்டில் எனக்குத்தான் இருந்தது.

எனக்கு இதில் ஆரம்பம் முதலே பயம். நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு மாத்திரை மாறினாலும் என்ன ஆகும் என்று தினமும் யோசித்தே பழகியவள். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளில் எது நான் சரியாகப் பிடிக்காதது என்று படுக்கையில் புரண்டிருக்கிறேன். அவரிடமும் சொல்லியிருக்கிறேன், பல தடவை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி ஹேங்கருக்குப் போவார்.

அந்த ஞாயிறு, வால் விளக்கின் ஒயரைக் கட்டுவதற்காக உள்ளே நுழைந்திருந்தேன். விமானத்தை ஏற்றி இறக்கும் கம்பி அந்த வழியாகத்தான் பின்னால் போகிறது. அது அசையும் இடத்தில் சின்னதாக ஏதாவது சிக்கினாலும் கம்பி நகராது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை அரசு அதிகாரி வந்து விமானத்தைப் பரிசோதிப்பதாக இருந்தது. அதற்கு அவர் மூன்று மாதம் காத்திருந்தார். திருகாணி வேறெங்காவது விழுந்திருக்கலாம், காரில், கடையில், எங்கு வேண்டுமானாலும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிகாரி வந்தார், டார்ச் அடித்து எல்லாவற்றையும் பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கணவர் அந்தக் காகிதத்தை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு, "சண்டே காலைல காத்து கம்மியா இருக்கும். அன்னைக்கே ஃப்ளை பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார். நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது. போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"யூ ஹேவ் டு டெல் ஹிம், அம்மா."

"தெரியும்டா."

"தென் வொய் ஆர் யூ டெல்லிங் மீ?"

சனிக்கிழமை காலை அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்போ விழுந்துச்சு?"

"போன சண்டே. உள்ளதான் விழுந்துச்சான்னு தெரியல."

"ஆறு நாளா சொல்லல."

"பயமா இருந்துச்சுங்க."

"இல்ல, இது என்னை நிறுத்தறதுக்கு இன்னொரு வழியா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது அங்கேதான் விழுந்திருக்க வேண்டும், அவர் பறக்காமல் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கண்டுபிடித்துவிட்டாரே என்று கூச்சமாக இருந்தது.

நேரே ஹேங்கருக்குப் போனோம். இருக்கைக்குப் பின்னாலுள்ள தகட்டை அவர் கழற்றினார். நான் டார்ச்சோடு உள்ளே நுழைந்தேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. விரல்களால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டே போனேன். அலுமினியத்தின் சில்லிப்பு முழங்கையில் ஏறியது. அரை மணி நேரமிருக்கும், இடது பக்க மடிப்பில் விரலில் ஏதோ இடறியது. திருகாணி இல்லை. அதைவிடப் பெரியது. வெளியே எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அது நட்டு திருக ஸ்பேனரில் மாட்டும் சாக்கெட், கட்டைவிரலில் பாதி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் காணவில்லை என்று தேடி, வேறு வாங்கிக்கொண்டார். விமானம் மூக்கைத் தூக்கியதும் அது பின்னால் உருண்டிருக்கும். எங்கே போய் நின்றிருக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நான்தான் செக் பண்ணேன். நாலு தடவை செக் பண்ணேன்," என்றார்.

அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். அதுவரை வீட்டில் பயப்படும் வேலை எனக்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

ஞாயிறு அவர் பறக்கவில்லை. இரண்டு வாரம், திறக்க முடிந்த தகடுகளையெல்லாம் திறந்து, சேர்ந்து தேடினோம். திருகாணி கிடைக்கவே இல்லை. எல்லாம் மூடிய பிறகு விமானத்தின் வாலைப் பிடித்து அவர் குலுக்குவார், நான் காதை வைத்துக் கேட்பேன். ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவர், "இதுக்கு மேல பார்க்கறதுக்கு இடம் இல்ல," என்றார். நான் தலையாட்டினேன். அவர் பறப்பதற்கு நான் தலையாட்டியது அது ஒரு தடவைதான்.

முதல் முறை தனியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. நானும் மகளும் ஹேங்கர் வாசலில் கையில் ரேடியோவோடு நின்றோம். விமானம் ஓடி, சட்டென்று தரையை விட்டது. மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ரேடியோவில், எஞ்சின் சூடு கூடுகிறது, தணியும்வரை மேலேயே சுற்றுகிறேன் என்று அவர் குரல் வந்தது. பிறகு குரலே இல்லை. பழுப்பு மலைகளுக்கு மேல் அந்த வெள்ளைப் புள்ளி வட்டமடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் சிமிட்டினால் விழுந்துவிடும் என்று தோன்றியது. சூடு இறங்கிவிட்டது என்று அவர் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. மகளைக் கேட்டால் நாலு நிமிஷம் என்கிறாள்.

இறங்கி வந்தவர் எஞ்சினை அணைத்தும் எழுந்திருக்கவில்லை. கிட்டே போனேன்.

"இறங்குங்க."

"கொஞ்சம் இரு."

எஞ்சின் மூடியில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.

அதன் பிறகு இரண்டு முறை அவரோடு பறந்திருக்கிறேன். கடல் தெரிகிறது பார் என்றார். நான் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும்தான்.