தவக்காலத்தில் ஒரு மிட்டாய்க் கடை

எங்கள் வீட்டில் எது விளங்காவிட்டாலும் என்னிடம்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரித் துண்டில் என்ன எழுதியிருக்கிறது, வங்கியில் இருந்து வந்த குறுஞ்செய்தி மெய்யா பொய்யா, போனில் எதை அமத்துவது. அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடுவதோடு சரி. அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்து, மன்னாரிலேயே ஒரு கந்தோரில் வேலைக்கு இருப்பவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் போன தவக்காலத்தில் அக்காவின் மூத்த மகள் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் படிப்பு எதுவும் கைகொடுக்கவில்லை.

மூத்தவளுக்கு எட்டு வயது. கோயிலில் முதல் நன்மை வாங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மறைக்கல்வி வகுப்பில் தவக்காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் சொல்லச் சொன்னபோது, இனிப்பை விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வகுப்பில் சொல்லாத மிச்சத்தை எங்களுக்குச் சொன்னாள். தான் இனிப்புத் தொடாமல் இருந்தால், கட்டாரில் வாகனம் ஓட்டுகிற அப்பாவுக்கு லீவு கிடைத்து, உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அத்தான் போய் மூன்று வருடமாகிவிட்டது. லீவு கேட்டிருந்தார். கம்பனி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளோ மாதாவோடு பேசி முடித்துவிட்ட ஆளைப்போல நிம்மதியாக இருந்தாள். தேநீரைக்கூடச் சீனி இல்லாமல் குடித்தாள்.

அந்த நேரம்தான் நகரத்தில் அந்தக் கடை திறந்தது. பழைய காலத்துக் கடை போலச் செய்திருந்தார்கள். மரத்தட்டுகளில் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், பித்தளைத் தராசு, சுற்றிக் கொடுக்கக் கடதாசிச் சுருள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது இளையவள் அதன் வாசலில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்கு நான்கு வயது, அவளுக்கு ஒறுத்தல் ஒன்றும் இல்லை. நான் மூத்தவளைப் பார்த்தேன்.

"நான் பாக்கிறது மட்டும்தான் சித்தி. பாக்கிறதில பிழை இல்லைத்தானே?"

"பிழை இல்லை," என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உறுதியாகச் சொன்னது.

உள்ளே தோடம்பழ இனிப்பும் எள்ளுருண்டையும் பல்லிமுட்டை இனிப்பும் இருந்தன. பக்கத்திலேயே கமர்கட், தேன் மிட்டாய் என்று எனக்குப் பழக்கமில்லாதவையும் இருந்தன. கடைக்காரர் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்தவர். இரண்டு கரையின் இனிப்புகளையும் ஒரே தட்டில் அடுக்கியிருந்தார். எங்களுக்கு முன்பே உப்புக்குளத்து முஸ்லிம் பெண் ஒருவர் தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும். முழு நோன்பும் பிடிக்கிற முதல் வருடம் என்று தாய் சொன்னார். தவக்காலமும் நோன்பும் அந்த முறை ஒன்றாக வந்திருந்தன. நோன்பு திறந்த பிறகு தின்பதற்காக மகள் ஒவ்வொரு போத்தலாகக் காட்டிக் காட்டிக் கட்டுவித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் என்னிடம் முறைப்பாடு சொல்வதுபோலச் சொன்னார்: "ருசி பார்த்துட்டு வாங்குங்கன்னு போர்டு எழுதி வச்சிருக்கேன் மேடம். இந்த மாசம் ஒருத்தரும் வாயைத் திறக்கலை. இவங்களுக்கு நோன்பு, உங்களுக்குத் தவம். கடைக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் முனிவர் மாதிரி நிக்குது."

"என்ர சின்னவள் திறப்பாள்," என்றேன். இளையவள் அதற்குள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

அவர் சந்தோஷமாகி இடுக்கியால் ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து அவள் வாயில் வைத்தார். அடுத்ததை எடுத்து அப்படியே பக்கத்தில் நீட்டினார். மூத்தவள் தராசின் முள் ஆடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இனிப்பு உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறந்து அதை எடுத்துக்கொண்டது. எல்லாம் என் கண்முன் நடந்தது. நான் "பொறுங்கோ" என்று சொல்லும்போது அவள் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

அவள் கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாகின. நான் உள்ளங்கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டு அதில் துப்பினாள். சீனி கரைந்து பளபளவென்று இருந்தது.

"சித்தி, இனி அப்பா வரமாட்டாரா?"

கடைக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். அந்த உம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். நான் விஷயத்தை இரண்டு வசனத்தில் சொன்னேன்.

"அட, மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது மகள்," என்றார் அவர். "அல்லாஹ் ஊட்டினது எண்டு நினைச்சிட்டு மிச்சத்தைப் பிடிக்கிறதுதான்."

மூத்தவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கட தவக்காலத்துக்கும் அப்படியா சித்தி?"

எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய சட்டம் நமக்குச் செல்லுமா? செல்லாது என்று சொன்னால் பிள்ளை அழுவாள். செல்லும் என்று சொல்ல நான் யார்? நான் வாயைத் திறக்கும் முன், நோன்புக்காரப் பிள்ளை ஒரு நீதவானைப்போல முன்னுக்கு வந்தாள்.

"நினைவு வந்தோன்ன துப்பினீங்களா?"

மூத்தவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுத்து."

"கொஞ்சமெண்டா? சூப்பினீங்களா?"

"கொஞ்சம்."

"அப்ப முறிஞ்சிட்டு."

"வாயைப் பொத்துடி," என்று தாய் மகளின் தோளில் தட்டினார். பிறகு மூத்தவளின் தாடையைத் தொட்டு, "அதுக்கும் வழி இருக்கு மகள். கழாப் பிடிச்சுக் குடுத்தாச் சரி. விட்டதுக்குப் பதிலா, பெருநாள் முடிய ஒரு நாள்," என்றார்.

"பெருநாளண்டைக்கே பிடிச்சா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"அண்டைக்குப் பிடிக்கக் கூடாது. அடுத்த நாள் பிடியுங்கோ."

அவள் தலையாட்டினாள். நான் இளையவளுக்குத் தேன் மிட்டாய் வாங்கினேன். கடைக்காரர் தோடம்பழ இனிப்புக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்.

அன்று பின்னேரம் போனில் தேடிப் பார்த்தேன். தவக்காலத்து ஞாயிறுகள் நோன்பு நாட்களில் சேராது என்று ஓரிடத்தில் இருந்தது. கடைக்குப் போனது ஞாயிறுதானே. அப்படியென்றால் ஒன்றும் முறியவில்லை. நான் வெற்றியோடு போய் அவளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் இருண்டது.

"அப்ப நான் போன ஞாயிறெல்லாம் சாப்பிடாமல் இருந்தது எண்ணுப்படாதா?"

"அப்படி இல்லை மகள்..."

"நீங்கள்தானே சேராது எண்டு சொன்னனீங்கள்."

சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தபடியே, "நீ சும்மா இருந்திருந்தா அவள் மறந்திருப்பாள்," என்றாள். மறந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறைக்கல்வி சிஸ்டரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது? பக்கத்து வீட்டுச் சட்டத்தை எங்கள் பிள்ளை எடுத்துக்கொண்டாள், திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்றா? நான் கேட்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் அத்தான் போன் எடுத்தார். லீவு கிடைத்துவிட்டது, ஆனால் பாஸ்காவுக்கு வந்து சேர முடியாது, விமானம் அதற்கடுத்த நாள்தான் வந்து இறங்கும் என்றார். அக்கா அழுதாள், சிரித்தாள். மூத்தவள் போனை வாங்கி, "ஒரு நாள் பிந்தினது என்னாலதான் அப்பா. பரவாயில்லை, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கச் சொல்லிப் போன் என் கைக்கு வந்தது. நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறன்று அவள் எல்லாரோடும் இருந்து கேக் சாப்பிட்டாள். திங்கள் விடியத் திரும்பவும் சீனியில்லாத தேநீர், விட்ட நாளுக்குப் பதிலாக.

அத்தான் மத்தியானம் வந்து சேர்ந்தார். இளையவளுக்கு அவரை முகம் தெரியாது, என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூத்தவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு பெரிய சொக்லேட். உறையைக் கிழித்து ஒரு துண்டை முறித்து, அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

அவர் கை அப்படியே நின்றது. மூன்று வருடம் நினைத்துக்கொண்டு வந்த காரியம் அது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்பாவில கோவமா மகள்?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள், வாயைத் திறக்காமலே. பிறகு அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கடையில் நடந்ததில் இருந்து முழுவதையும் சொன்னேன், நினைவு வந்த பிறகு கொஞ்சம் சூப்பியதையும் விடாமல்.

"உது எங்கட வேதத்தில இருக்கோ? நீ படிச்ச ஆள், சொல்லு."

"தெரியாது அத்தான்," என்றேன். அதற்கு முன் அந்த வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தான் முறித்த துண்டைத் திரும்பவும் உறைக்குள் வைத்தார். "எத்தினை மணி மட்டும்?" என்று மகளிடம் கேட்டார்.

"பொழுது படும் மட்டும்."

"அப்ப சரி. அங்க எங்கட அறையில எல்லாரும் நோன்பு. நானும் அவங்களோட பாத்துக்கொண்டு இருந்திட்டுத்தான் தின்னுறனான். எனக்குப் பழக்கம்."

சாமான்களை எடுத்து வைப்பதும் அயலவர் வந்து பார்ப்பதுமாகப் பின்னேரம் போனது. அவர் சொக்லேட்டைத் தொடவில்லை. வந்தவர்களுக்கு வேறு ஒரு பைக்கற்றை உடைத்துக் கொடுத்தார். இருட்டத் தொடங்கியபோது இரண்டு பேரும் வாசற்படியில் போய் அருகருகே இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் பள்ளிவாசல். பாங்கு சொல்லத் தொடங்கியதும் மூத்தவள் சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார்.

அந்தச் சிலுவையைப் பாங்குக்குப் போட்டாளா, சாப்பாட்டுக்கா, அப்பாவுக்கா என்று கதவடியில் நின்ற எனக்கு விளங்கவில்லை. திருத்த வேண்டும் என்றும் தோன்றியது, எதைத் திருத்துவது என்றும் தெரியவில்லை. அதற்குள் இளையவள் என்னை விட்டுவிட்டு மெதுவாகப் போய், அவரிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்று, வாயைத் திறந்தாள்.