அசருக்குப் பிறகு இரண்டு பாட்டு

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் என் கணவர் சவூதிக்குத் திரும்பினார். போவதற்கு முன் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்து, அதில் ஒரு விளையாட்டையும் ஏற்றி வைத்தார். பாட்டு ஓடும். திரையின் மேலிருந்து நீலக் கட்டைகள் நான்கு வரிசையாக இறங்கி வரும். கீழே உள்ள கோட்டை அவை தொடும் நொடியில் தாளத்தோடு தட்ட வேண்டும். இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்துகொண்டே ஒரே பாட்டைச் சேர்ந்து விளையாடலாம்; எதிராளி தட்டுவது திரையின் ஓரத்தில் தெரியும்.

மேலப்பாளையத்தில் நாங்கள் சாயங்கால அசர் தொழுகையை முடிக்கும் நேரம் அவருக்கு அங்கே சாப்பாட்டு இடைவேளை. தினமும் அப்போது இரண்டு பாட்டு விளையாடுவோமா என்று நான்தான் கேட்டேன். போனில் பேசினால் அவருக்கு மூன்று கேள்விக்கு மேல் வராது. சாப்பிட்டியா, உம்மா நல்லா இருக்காங்களா, அங்கன மழை உண்டா. விளையாட்டிலாவது கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவர் சரி என்றார்.

முதல் மாதம் முழுக்கத் தோற்றேன். பீடி சுற்றி வளர்ந்த விரல்கள் எனக்கு, வேகத்தில் குறைவில்லை. ஆனால் என் ஒவ்வொரு தட்டும் மயிரிழை முந்தியே விழுந்தது. கட்டையைப் பார்த்துத் தட்டுகிறேன், பாட்டைக் கேட்கவில்லை என்று புரியவே பல நாள் ஆனது. கேட்டுத் தட்டினாலோ பிந்தி விழுந்தது; புளூடூத்தில் ஓசை தாமதமாக வருகிறது என்று கண்டுபிடித்து, வயர் உள்ள இயர்போனுக்கு மாறினேன். கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவதை விட்டேன். போனை அரிசி டிரம் மூடியின்மேல் கிடத்தி, நான்கு விரலால் தட்டினேன். கட்டைகள் இறங்கும் வேகத்தைக் குறைத்தால் எளிது என்று நினைத்திருந்தேன். கூட்டினால்தான் அவை நெருக்கியடிக்காமல் விலகி விலகி வந்தன. தடுமாறும் இடத்தை மட்டும் பாதி வேகத்தில் ஓடவிட்டு, இடது கையால் நாற்பது தடவை தட்டுவேன். குழம்பு அடிப்பிடித்து மாமியிடம் பேச்சு வாங்கிய நாளும் உண்டு.

அவரும் நன்றாகத் தேறிவிட்டார். வீட்டில் இருந்தபோது என்னைப்போலத்தான் சுமாராக ஆடுவார். அங்கே போனதும் ஒரு கட்டை தவறாது. எனக்காகப் பழகுகிறார் என்று நம்பினேன். ஒரு பாட்டில் நான் சறுக்கினால் அடுத்ததாக எளிய பாட்டைத் தேர்ந்தெடுப்பார். நான் பிழையில்லாமல் முடித்தால் அவரிடமிருந்து ஒரு ரோஜாப்பூப் படம் வரும். வாயால் சொல்லத் தெரியாத மனிதர் இப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில், கல்யாணத்துக்குப் பிறகு அவரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியதே அந்த நாட்களில்தான்.

அடுத்த வருடம் அவருடைய ரூமில் இருக்கும் ஏர்வாடிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, எங்களுக்கும் ஒரு பார்சல் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று மாமாவிடம் கொடுத்தார். நான் டீ கொண்டுபோனதும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாதம் முழுக்க விளையாட்டு இல்லை. டூட்டி கூடுதல் என்று என் கணவர் சொல்லியிருந்தார்.

போய் இரண்டு வருடம் ஆனதும் என் கணவர் லீவில் வந்தார். மூன்றாம் நாள், அசர் தொழுது முடித்ததும், என் போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலைவலி என்றார். மறுநாளும் தலைவலி. அதற்கு மறுநாள் வற்புறுத்தினேன். இருப்பதிலேயே எளிய பாட்டைத்தான் வைத்தேன். அவர் போனை நிமிர்த்திப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டினார். பத்துக்கு ஆறு தவறியது. நான் நடுவிலேயே கையை எடுத்துவிட்டேன்.

"இவ்வளவு நாளும் வெளயாடுனது யாரு மச்சான்?"

அவர் சிரித்தார். ஏர்வாடிக்காரர்தானாம். "அந்த நேரம் எனக்குக் கண்ணு சொருவும் புள்ள. நீ ஆசையா கேட்ட, இல்லன்னு சொல்ல மனசில்ல. அவன் நல்லா வெளயாடுவான், அதான் போனைக் குடுத்துட்டுத் தூங்கிருவேன்."

"எதுத்தாப்புல வெளயாடுதது நாந்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"ரூம்ல எல்லாருக்குந் தெரியும். உன் வேகத்தப் பாக்கதுக்கே சுத்தி உக்காந்துருவானுவ."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. ரோஜாப்பூவைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை.

தாய்வீட்டுக்குப் போய் என் உம்மாவிடம் அழுதேன். குடி இல்லை, வேறு தொடுப்பு இல்லை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான், ஒரு விளையாட்டுக்காகவா அழுகிறாய் என்று கேட்டாள். என்ன நடந்தது என்பதை அவளுக்கு விளங்கும்படி என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே அதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. அந்த ஏர்வாடிக்காரர்மேல் கோபப்படவும் முடியவில்லை. எளிய பாட்டைத் தேர்ந்தெடுத்தது அவர் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

லீவு முடியும்வரை என் கணவரோடு நல்லபடியாகத்தான் இருந்தேன். திருச்செந்தூர்ச் சாலைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தோம். ஒரு நாள் அவராகவே, "தப்புதான் புள்ள" என்றார். எது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அவர் விமானம் ஏறிய மறுநாள், அசர் கழிந்ததும், விளையாட்டில் அவர் பெயரிலிருந்து அழைப்பு வந்தது. தட்டப்போவது அவரா, வேறு யாராவதா என்று அறிய வழியில்லை. விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் தாங்கினேன். பிறகு வேறொரு பெயரில் முதல் படியிலிருந்து தொடங்கினேன். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. ஒரே மாதத்தில் பழைய இடத்தைத் தாண்டிவிட்டேன். தனியாள் ஆட்டம் மட்டும்தான். இப்போதும் எப்போதாவது அவர் போனில் கேட்பார், அந்த வெளயாட்டு வெளயாடுதியா என்று. இல்லை என்று சொல்லிவிடுவேன்.