வேண்டாததை நீக்கியபின்

இரண்டு பேர் சேர்ந்து விளையாட ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் தேடப்போய், ஒருவர் மட்டுமே விளையாடக்கூடிய ஆட்டத்தை இரண்டு பிரதி வாங்கியவன் நான். படித்தவன் என்று ஊருக்குள் ஒரு பேச்சு வேறு உண்டு.

மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபின் எங்கள் போன் பேச்சு வற்றிக்கொண்டே வந்தது. சாப்பிட்டீங்களா, மழை உண்டா, அம்மா எங்கே, அதோடு சரி. அவளேதான் வழி சொன்னாள். ஞாயிறு காலையில் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே ஆட்டத்தை விளையாடுவோம், அப்படியே பேசிக்கொண்டிருக்கலாம், ஆட்டத்தை நீங்களே பாருங்கப்பா என்றாள். இதையும் கோட்டைவிட்டால் இனி விசேஷத்துக்கு விசேஷம்தான் பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

ஆன்லைன் கடையில் ஆட்டங்கள் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் டேக் என்று அடையாளச் சொற்கள். வேண்டாத டேக்கைத் தட்டினால் அந்த வகையே கண்ணில் படாது. இப்படியொரு வசதி அதற்குமுன் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. பேய், ரத்தம், துப்பாக்கி முதலில் போயின. கால்பந்தைப் பார்த்தாலே முட்டி வலித்தது, அதுவும் போனது. விவசாயம் என்று ஒரு டேக். போத்தனூர்ப் பக்கம் இருந்த தோட்டத்தைத் தண்ணியில்லாமல் விற்றுப்போட்டு வந்தவன், ஞாயிற்றுக்கிழமையும் தக்காளிக்குத் தண்ணி கட்டவேண்டுமா? தட்டினேன். ‘பலர் விளையாடுவது’ என்றதும், முன்பின் தெரியாதவன் வந்து வாடா போடா என்பானே என்று தோன்றியது. ‘ங்க’ போடாமல் ஒருத்தன் கூப்பிட்டால் எங்கள் பக்கத்து ஆளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதையும் நீக்கினேன். நானும் மகளும் அந்தப் பலரில் அடக்கம் என்பது உறைக்கவில்லை.

மிஞ்சியது, கலங்கரை விளக்கம் ஒன்றைக் காக்கும் ஆட்டம். எனக்கொன்று, அவளுக்குப் பரிசாக ஒன்று.

ஞாயிறன்று அவள் தன் விளக்கை ஏற்றினாள், நான் என்னுடையதை ஏற்றினேன். அவள் கடலில் நான் இல்லை, என் கடலில் அவள் இல்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு ஆள் நுழைய வழி எங்கே என்று தேடித் தேடிச் சலித்தேன். எதையெல்லாம் நீக்கினீர்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது.

கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“எனக்கு மாப்பிள்ளை தேடுனப்பவும் இப்பிடித்தானுங்கப்பா, வேண்டாம் வேண்டாம்னே தட்டிட்டிருந்தீங்க. கடைசில நானே பாத்துக்கிட்டேன். இதையும் நானே பாத்துக்கறனுங்க. நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தாப் போதும்.”