மருந்து பட்ட கை

டாக்டர் லேசரால் சுடுவார், நான் சூட்டை ஆத்துவேன். விருதுநகரில் எனக்கு வாய்த்த நர்ஸ் உத்தியோகம் இவ்வளவுதான். பட்டாசு விபத்தில் வெந்து ஆறிய தழும்பு தோலை இழுத்துப் பிடிக்கும். லேசர் அதை இளக்கும். அந்தச் சூட்டில் வீக்கம் கண்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

செம்புத் தகடு

சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்திலிருந்து முத்துமாரி வந்தாள். பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் வெந்த வலது கை. விரல்கள் விறைத்து நின்றன. அவை மடங்க வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான்.

லேசர் அறைக்குள் வராமல் வாசல் சுவரையே தடவிக்கொண்டு நின்றாள். கம்பெனியில் உள்ளே போகுமுன், உடம்பிலுள்ள மின்சாரம் பொறி தட்டாமல் இறங்கட்டும் என்று செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. "தகடு எங்கன இருக்கு சிஸ்டர்? தொடாம வந்தா எல்லாரும் போயிருவோமே!"

களிம்பு

தோலை மரத்துப்போக வைக்கிற களிம்பை எடுத்து, "மருந்து தடவணும், கையைக் காட்டு" என்றேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. இந்தப் பக்கத்திலேயே பிறந்த எனக்குப் புத்தி எங்கே போச்சு? "களிம்பு தாயி, வெறும் களிம்பு" என்று கெஞ்சின பிறகுதான் நீட்டினாள்.

லேசர் 'பட் பட்' என்று அடிக்க அடிக்க, குளிர்காற்றுக் குழாயை அவள் கைமேலேயே பிடித்திருந்தேன். கண்ணை இறுக மூடிக் கிடந்தவள், சத்தம் நின்றதும் கேட்டாள்: "எல்லாரும் முழுசா இருக்கீகளா?"

தூக்கின கை

"ஐஸைத் துணியில சுத்தி ஒத்தடம் குடு. கையைத் தொங்கவிடாதே, நெஞ்சுக்கு மேலேயே வச்சிரு, வீங்காது" என்று சொல்லி அனுப்பினேன். புண்ணியவதி, ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கிறாள். மறுமுறை வந்தபோது வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. கண்டக்டர் கத்தினதை அவளே சொல்லிச் சிரித்தாள்: "ஏத்தா, எறங்கணுமா வேண்டாமா, ஒண்ணு சொல்லு!"

மடங்கின விரல்

பல தடவை வந்து போன பிறகு, ஒருநாள் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி உன் மகளுக்கு நீயே சடை பின்னிவிடு" என்றேன்.

"தீவாளி சீசன் தொடங்கிருச்சுக்கா. மருந்து அடைக்க ரெண்டு கையும் வேணும்லா? நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாக" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "பாவி மகளே, மறுபடி அங்க போகவா இம்புட்டு வலியைப் பொறுத்தே?" என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. விரல்களை ஒருதரம் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். "வேற எந்தக் கம்பெனி வேன் எங்க தெருவுக்கு வருது? நீங்களே சொல்லுங்கக்கா."

நான் ஆத்தி அனுப்புகிறேன், வேன் வந்து ஏத்திக்கொண்டு போகிறது.